சோதோமின் பாவம் எது?

2024 செப்டம்பர் 15 (வாசகர் ஒருவரின் கேள்வி)

சோதோமும் கொமோராவும் ஆண்கள் ஆண்களோடு உறவு கொண்டதற்காகவே அக்கினியால் அழிக்கப்பட்டன என்பது ஆதியாகமம் 19ஆம் அதிகாரத்தை வாசிக்கும் சிறு பிள்ளைக்கும் விளங்கும். வரலாற்றுப் பின்னணி, பண்டைய சமூகம் என்றெல்லாம் பேசுகிறவர்கள் தெளிவான வசனத்தைக் கலக்குகிறார்கள். மறுப்பவர் உண்டானால் வசனத்தை வைத்தே மறுக்கட்டும்.

2024 செப்டம்பர் 15, இரவு

வசனத்தை வைத்தே பேசலாம், சகோதரரே. எனக்கும் அதுவே விருப்பம். ஆனால் 19ஆம் அதிகாரத்தைத் தனியே பெயர்த்தெடுத்து வாசிக்க இயலாது. அதற்கு முந்தைய அதிகாரத்தில், பகலின் உஷ்ண வேளையில் மம்ரேயில் தம் கூடார வாசலில் உட்கார்ந்திருந்த ஆபிரகாம், முன்பின் அறியாத மூன்று பேரைக் கண்டதும் எதிர்கொண்டு ஓடுகிறார். கால் கழுவத் தண்ணீர் தருவிக்கிறார். மூன்றுபடி மாவைப் பிசைந்து அப்பம் சுடும்படி சாராளை விரைவுபடுத்துகிறார். இளங்கன்று ஒன்றைச் சமைக்கச் செய்து, அவர்கள் உண்ணும்போது மரத்தடியில் அருகே நிற்கிறார். அவர்களில் தேவதூதராகிய இருவர் மாலையில் சோதோமுக்கு வருகிறார்கள். அங்கே குடியேறியிருந்த ஆபிரகாமின் உறவினர் லோத்தும் தரைமட்டும் குனிந்து வரவேற்று, புளிப்பில்லா அப்பம் சுட்டு விருந்து வைக்கிறார். இவ்விரு வரவேற்புகளையும் அடுத்தடுத்துச் சொன்ன பிறகே, ஊரார் அதே விருந்தினருக்கு என்ன செய்ய வந்தார்கள் என்பதைக் கதை சொல்கிறது. சத்திரமும் காவலும் இல்லாத வறண்ட நிலத்தில், இருட்டிய பின் வந்து சேர்ந்தவன் உயிரோடு விடிவானா என்பது யாரேனும் கதவு திறப்பதைப் பொறுத்தே இருந்தது. தம் கூரையின் நிழலில் வந்தவர்களுக்கு ஒன்றும் செய்ய வேண்டாம் என்று லோத்து மன்றாடுகிறார். கூட்டமோ, பரதேசியாய் வந்த இவனா எங்களுக்கு நியாயம் சொல்வது என்று அவர்மேலேயே பாய்கிறது.

கூட்டம் செய்ய முயன்றது கூட்டு வன்புணர்ச்சி. வாலிபர் முதல் கிழவர் வரை ஊரின் ஆண்கள் அனைவரும் வீட்டைச் சூழ்ந்தார்கள் என்கிறது வசனம். லோத்தின் மகள்களுக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த மருமக்களும் அந்த ஊரிலேயே இருந்தார்கள் என்பதை 14ஆம் வசனத்தில் காண்கிறோம். ஆகவே ஆண்கள்மேல் ஆசை கொண்ட ஆண்களின் ஊர் ஒன்றை இந்தக் கதை வர்ணிக்கிறது என்று கொள்ள எனக்கு ஆதாரம் தென்படவில்லை. அந்நியனைப் பிடித்து, அவன் ஆண்மையைப் பறித்து, ஊருக்குள் அவனுக்கு இடமில்லை என்று காட்டுவதே அங்கு நடக்கவிருந்த செயல்.

இதற்கு வேதாகமத்திலேயே சாட்சி இருக்கிறது. நியாயாதிபதிகள் 19ஆம் அதிகாரத்தில், பென்யமீனரின் கிபியாவில் இரவு தங்க வந்த லேவியனுக்கு ஒருவரும் இடம் கொடுக்கவில்லை. எப்பிராயீம் மலைத்தேசத்திலிருந்து வந்து அங்கே குடியிருந்த முதியவர் ஒருவரே அழைத்துச் செல்கிறார். ஊரின் ஆண்கள் சோதோமில் எழுந்த அதே கோரிக்கையோடு வீட்டைச் சூழ்கிறார்கள். லேவியன் தன் மறுமனையாட்டியை (வைப்பு மனைவியை) வெளியே விட, அவர்கள் இராமுழுவதும் அவளைக் கெடுக்கிறார்கள். விடியற்காலத்தில் அவள் வாசற்படியில் விழுந்து கிடக்கிறாள். பின்னர் கோத்திரங்களின் சபைமுன் அந்த லேவியன், அவர்கள் தன்னைக் கொல்ல நினைத்தார்கள் என்று கூறுகிறான். தனக்கு நேரவிருந்ததைக் கொலையாகவே அவன் உணர்ந்திருக்கிறான். பென்யமீன்மீது மற்றக் கோத்திரங்கள் போர் தொடுத்ததும் அந்தப் பெண்ணுக்கு நேர்ந்த கொடுமைக்காகவே. நியாயாதிபதிகள் 19, 20 ஆகிய அந்த இரண்டு அதிகாரங்களிலும் ஒருபால் உறவைப் பற்றிய கண்டனம் ஒரு வரிகூட இல்லை.

2024 செப்டம்பர் 17

சோதோமின் மக்கள் வந்தவர்கள் யாரென்று விசாரிக்கவே வந்தார்கள், அதில் பாலுறவுப் பேச்சே இல்லை என்று 1950களில் ஒரு ஆங்கிலேய இறையியலாளர் வாதிட்டதை இன்னொரு வாசகர் எடுத்துக் காட்டியிருக்கிறார். அந்த வாதத்தை நான் ஏற்கவில்லை. விசாரிக்க வந்த கூட்டத்திடம் லோத்து என்ற தகப்பன் தன் இரு கன்னிப் பெண்களை ஏன் கொடுக்க முன்வர வேண்டும்? பாலியல் வன்முறை கதையின் நடுவிலேயே இருக்கிறது. அது வன்முறை என்பதே கேள்வி கேட்ட சகோதரருக்கு என் பதில்.

2024 செப்டம்பர் 18

“அப்படியானால் சோதோமின் பாவம் எது என்று வேதமே சொல்லட்டும்” என்று கேட்கிறீர்கள். சொல்லியிருக்கிறது. எசேக்கியேல் 16:49 எருசலேமைப் பார்த்து, உன் சகோதரியாகிய சோதோமின் அக்கிரமம் இதுவே என்று வெளிப்படையாகவே வரையறுக்கிறது: அகந்தை, வயிறார உண்ட நிறைவு, கவலையற்ற சுகவாழ்வு, இவையெல்லாம் இருந்தும் அவள் சிறுமையும் எளிமையுமானவனுடைய கையைப் பலப்படுத்தவில்லை. அடுத்த வசனம் அவர்கள் அருவருப்பானதைச் செய்தார்கள் என்று சேர்க்கிறது. அந்த அருவருப்பு பாலியல் குற்றமே என்று வாதிடுவோர் உண்டு. அது இயலாத வாசிப்பு அன்று என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இருந்தாலும் தீர்க்கதரிசி முதலில் எண்ணியதை விட்டுவிட்டுக் கடைசிச் சொல்லை மட்டும் பிடித்துக்கொள்வது எவ்வகையிலும் நேர்மையான வாசிப்பாகாது.

ஏசாயா முதலாம் அதிகாரம் யூதாவின் தலைவர்களைச் சோதோமின் அதிபதிகளே என்று அழைத்துவிட்டு, அவர்கள் கைகள் இரத்தத்தால் நிறைந்திருப்பதையும், திக்கற்ற பிள்ளைக்கும் விதவைக்கும் நியாயம் கிடைக்காததையும் பேசுகிறது. எரேமியா 23ஆம் அதிகாரம் விபசாரம், பொய், அக்கிரமக்காரருக்குத் துணைபோதல் ஆகியவற்றுக்காக எருசலேமின் தீர்க்கதரிசிகளைச் சோதோமுக்கு ஒப்பிடுகிறது. இயேசு தம் சீஷரை அனுப்பும்போது, அவர்களை ஏற்றுக்கொள்ளாத பட்டணத்துக்கு நேரிடுவதைவிடச் சோதோமுக்கு நேரிடுவது இலகுவாயிருக்கும் என்கிறார். வந்தவரை வீட்டுக்குள் ஏற்கும் பேச்சினிடையேதான் சோதோமின் பெயர் அவர் வாயில் வருகிறது.

யூத ரபிகள் இந்த மரபை இன்னும் கூர்மையாக்கினார்கள். தல்மூதின் சன்எத்ரின் பகுதியில் சோதோமைப் பற்றிய கதைகள் வரிசையாக வருகின்றன. ஏழை ஒருவன் வந்தால் ஒவ்வொருவரும் தம் பெயர் பொறித்த நாணயத்தை அவனுக்குக் கொடுப்பார்களாம். ஆனால் அப்பம் விற்க ஒருவரும் முன்வரமாட்டார்களாம். அவன் பசியால் இறந்ததும் தத்தம் நாணயத்தை எடுத்துக்கொள்வார்களாம். குடத்தில் மறைத்து ஏழைக்கு அப்பம் கொண்டுபோய்க் கொடுத்த சிறுமியின் உடலில் தேன் பூசி மதிலின்மேல் நிறுத்த, குளவிகள் கொட்டி அவள் இறந்தாள் என்றும், அவளுடைய கூக்குரலே ஆதியாகமம் 18இல் கடவுளை எட்டிய கூக்குரல் என்றும் அவர்கள் விளக்கினார்கள். அந்தக் கதையை முதன்முதலாக வாசித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

2024 செப்டம்பர் 19

நேற்றைய குறிப்புக்குப் பிறகு, இதெல்லாம் புத்தக அறிவு, சபை வாழ்வுக்கு இதனால் என்ன பயன் என்று ஒருவர் கேட்டிருந்தார். எங்கள் பாடகர் குழுவில் ஒரு வாலிபன் இருந்தான். சோதோமின் அக்கினியைப் பற்றிய ஒரு பிரசங்கத்துக்குப் பிறகு அவன் ஆராதனைக்கு வருவதை நிறுத்திவிட்டான். காரணத்தை அவன் யாரிடமும் சொல்லவில்லை. அவனுடைய தாயார் மட்டும் என்னிடம் வந்து, “அவன் சாப்பிடுவதே இல்லை, நீங்களாவது பேசிப் பாருங்கள்” என்று கேட்டுக்கொண்டார். அவன் அறையில் உட்கார்ந்து எசேக்கியேலின் அந்த வசனத்தை நாங்கள் சேர்ந்து வாசித்தோம். நீண்ட நேரம் பேசாமல் இருந்தவன், “அண்ணா, இது இந்தப் புத்தகத்தில் எப்போதும் இருந்ததா?” என்று கேட்டான். எப்போதும் இருந்தது.

அந்த அதிகாரம் ஆலயங்களில் அரிதாகவே வாசிக்கப்படுவதற்கு ஒரு காரணமும் உண்டு. எருசலேமை விபசாரியாகச் சித்திரிக்கும் அதன் மொழி மிகக் கடுமையானது. அதைத் தொழுகைக்கூடத்தில் வாசிக்கலாகாது என்று ரபி எலியேசர் கருதியதை, யூத ரபிகளின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா பதிவு செய்திருக்கிறது.

2024 செப்டம்பர் 22

புதிய ஏற்பாட்டிலுள்ள யூதாவின் நிருபத்தை மறந்துவிட்டீர்களே என்ற கண்டனம் நியாயமானது. அதன் 7ஆம் வசனம் சோதோமியர் விபசாரத்திலும் அந்நிய மாமிசத்தைத் தொடர்வதிலும் ஈடுபட்டதாகச் சொல்கிறது. பாலியல் ஒழுக்கக்கேடு அங்கு வெளிப்படையாகவே பேசப்படுகிறது. ஆனால் அதற்கு முந்தைய வசனம் தங்கள் ஆதிமேன்மையைக் காத்துக்கொள்ளாத தூதர்களைப் பற்றியது என்பதைக் கவனியுங்கள். மனிதப் பெண்களை நாடிய தூதர்களும், தூதர்களை நாடிய மனிதர்களும் அங்கு ஒரே வரிசையில் நிறுத்தப்படுகிறார்கள். இந்த நிருபம் ஏனோக்கின் பெயரால் வழங்கிய நூலை 14ஆம் வசனத்தில் எடுத்தாள்வதும், அந்நூல் வீழ்ந்த தூதர்களின் கதையை விரிவாகச் சொல்வதும் தற்செயல் அல்ல.

ஆண்களுக்கிடையிலான உறவே சோதோமின் பாவம் என்ற வாசிப்பைத் தெளிவாகவும் விரிவாகவும் எழுதியவர், கி.பி. முதல் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த யூத தத்துவஞானி பிலோ. ஆபிரகாமைப் பற்றி எழுதும்போது அவர் சோதோமின் செல்வச் செழிப்பில் தொடங்கி, பெருந்தீனி, குடி, அடங்காத காமம் என்று ஏறிச் சென்று, ஆண்கள் ஆண்களைக் கூடியதையும் அதனால் பிள்ளைப்பேறு அருகுவதையும் கண்டிக்கிறார். கிரேக்க நகரமொன்றில் சிறுபான்மையாய் வாழ்ந்த யூதர் அவர். உடற்பயிற்சிக்கூடங்களிலும் விருந்துகளிலும் வளர்ந்த ஆண்கள் பதின்பருவச் சிறுவரை நாடிய பழக்கத்தைக் கண்முன்னே கண்டவர். பழைய கதையில் அவர் தம் காலத்து நகரத்தைக் கண்டார் என்றே நினைக்கிறேன். ஏறக்குறைய ஒரு தலைமுறை கழித்து எழுதிய யோசேப்பு என்னும் வரலாற்றாசிரியரிடம் இரண்டும் கலந்து நிற்கின்றன: சோதோமியர் செல்வச் செருக்கால் அந்நியரை வெறுத்தார்கள் என்றும், வந்த இளைஞரின் அழகைக் கண்டு அவர்களைக் கெடுக்க முனைந்தார்கள் என்றும் அவர் எழுதுகிறார். திருச்சபையின் பிற்கால ஆசிரியர்கள் பிலோவின் பாதையிலேயே நடந்தார்கள். ஐந்தாம் நூற்றாண்டின் அகுஸ்தீனுக்குச் சோதோம் என்றாலே ஆண்களோடு ஆண்கள் செய்த பாவம்தான்.

2024 செப்டம்பர் 25

சோதோமை விடுங்கள், லேவியராகமம் 18:22க்கும் 20:13க்கும் என்ன சொல்வீர்கள் என்ற கேள்வியைத் தவிர்க்க எனக்கு விருப்பமில்லை. அவை தடை செய்கின்றன. பிந்தைய வசனம் இருவருக்கும் மரணதண்டனை விதிக்கிறது. அவை கோவில் விபசாரத்தை மட்டுமே குறிக்கின்றன என்று என் பக்கம் நிற்பவர்கள் அடிக்கடி சொல்கிறார்கள். அந்த அதிகாரங்களில் அப்படியொரு வரையறை இல்லை. மோளேகு என்னும் அந்நிய தெய்வத்துக்குப் பிள்ளைகளைக் கொடுப்பதைத் தடுக்கும் வசனம் அருகில் இருப்பதொன்றே அவர்களுக்குக் கிடைக்கும் பிடிமானம். எனக்கு அது போதவில்லை.

பின்னணி உதவுவது வேறிடத்தில். பண்டைய மேற்காசியாவின் சட்டங்கள் இதில் ஒரே குரலில் பேசவில்லை. பாபிலோனிய அரசன் அம்முராபியின் சட்டம் இதைப் பற்றி வாயே திறப்பதில்லை. அசூர் நகரில் கிடைத்த மத்திய அசீரியச் சட்டப் பலகைகளில், ஒருவன் தன் தோழனைப் புணர்ந்தது நிரூபிக்கப்பட்டால் அவனையும் புணர்ந்து அண்ணகனாக்க வேண்டும் என்று இருக்கிறது. தண்டனையே வன்புணர்ச்சி என்பதைக் கவனித்தால், அந்த உலகில் இச்செயல் எதைக் குறித்தது என்பது விளங்கும்: ஒருவனை வென்று தாழ்த்துவது. லேவியராகமம் அப்படிப் பார்க்கவில்லை. நிலத்தின் தூய்மை, குலத்தின் வித்து, புறஜாதியாரிடமிருந்து பிரிந்திருத்தல் ஆகியவற்றையே அது பேசுகிறது. இவற்றை மீறினால் தேசம் உங்களைக் கக்கிப்போடும் என்கிறது. இருவரையும் தண்டிப்பதும் அதனால்தான். இதில் என் மனம் ஆறாத இடம் ஒன்று உண்டு. உபாகமம் 22, வயல்வெளியில் பலவந்தம் செய்யப்பட்ட பெண்ணுக்குப் பாவமில்லை என்று விலக்களிக்கிறது. பலவந்தம் செய்யப்பட்ட ஆணுக்கு அப்படியொரு விலக்கு லேவியராகமத்தில் எழுதப்படவில்லை.

அதே பட்டியலில் மாதவிலக்குக் காலத்தில் மனைவியோடு சேர்வதும் இருக்கிறது; இருவரும் ஜனத்திலிராதபடி அறுப்புண்டு போகவேண்டும் என்று 20:18 சொல்கிறது. அந்த வசனத்தை வைத்து ஒரு பிரசங்கத்தையும் நான் கேட்டதில்லை. பெண்களுக்கிடையிலான உறவைப் பற்றி ஐந்து ஆகமங்களிலும் ஒரு சட்டமும் இல்லை.

2024 செப்டம்பர் 29

பவுலிடம் வந்தாக வேண்டும். ரோமருக்கு எழுதிய நிருபம் ஏறக்குறைய கி.பி. 57இல், கொரிந்துவிலிருந்து எழுதப்பட்டதாகப் பெரும்பாலோர் கொள்கிறார்கள். ரோமப் பேரரசின் நகரங்களில் ஆண்களுக்கிடையிலான உறவு என்று ஒருவர் அன்றாடம் கண்டதில் பெரும்பகுதி எசமானுக்கும் அடிமைக்கும் இடையில் நடந்தது. சுதந்திரமாய்ப் பிறந்த குடிமகனைத் தொடுவது இழிவு. அடிமையைத் தொடுவதை யாரும் கேட்கமாட்டார்கள். பவுலின் காலத்தவரான ரோமத் தத்துவஞானி செனெக்கா, அடிமைகளைப் பற்றிய தம் 47ஆம் கடிதத்தில், மது பரிமாறும் அடிமை பெண்ணைப்போல் உடுத்தப்பட்டு, வயது ஏறிய பின்னும் முகமயிர் பிடுங்கப்பட்டுச் சிறுவனாகவே வைக்கப்படுவதையும், இரவு முழுவதும் எசமானின் குடிக்கும் காமத்துக்கும் இடையே விழித்திருப்பதையும் எழுதுகிறார். பவுலின் சபைகளில் அடிமைகள் இருந்தார்கள். அப்படிப்பட்ட இரவிலிருந்து எழுந்து வந்த ஒருவன் அந்த நிருபம் வாசிக்கப்படுவதைக் கேட்டிருக்கலாம் என்று எண்ணும்போது, ரோமர் முதலாம் அதிகாரம் எனக்கு வேறுவிதமாக ஒலிக்கிறது.

2024 செப்டம்பர் 30

நேற்று எழுதியதை வைத்து, பவுல் கண்டித்தது சுரண்டலை மட்டுமே என்று இருவர் முடிவு கட்டியிருக்கிறார்கள். அவ்வளவு தூரம் நான் போகவில்லை. ரோமர் 1:27 ஒருவர்மேல் ஒருவர் கொண்ட மோகத்தைச் சொல்கிறது. அங்கே இருவரும் விருப்பத்தோடு இருக்கிறார்கள். நெடுங்கால இணைப்புகளையும் அந்த உலகம் அறிந்திருந்தது. ஏதென்ஸின் நாடகாசிரியர் அகத்தோனும் பௌசானியாவும் நெடுங்காலம் சேர்ந்திருந்ததைப் பிளேட்டோவின் உரையாடல்களில் காண்கிறோம். பவுலை அழைத்து இன்றைய ஒருபால் திருமணத்தைப் பற்றிக் கேட்டால் ஆசீர்வதித்திருப்பார் என்று நான் நம்பவில்லை.

ஆனால் அவர் அந்தப் பத்தியை எதற்காக எழுதினார் என்பதை விடக்கூடாது. முதலாம் அதிகாரத்தின் பிற்பகுதி, விக்கிரக வணக்கத்தில் தொடங்கிப் புறஜாதியாரின் ஒழுக்கக்கேட்டில் முடியும் குற்றச்சாட்டு. சாலமோனின் ஞானம் என்னும் நூலிலும் அதே வடிவில் இருப்பது. யூத வாசகர் தலையசைத்துக் கேட்டிருக்கக்கூடியது. அவர்கள் தலையசைத்துக்கொண்டிருக்கும்போதே இரண்டாம் அதிகாரத்தின் முதல் வசனத்தில் பவுல் அவர்களை நோக்கித் திரும்பி, மற்றவனைத் தீர்க்கிற நீ போக்குச் சொல்ல இடமில்லை என்கிறார். அதிகாரப் பிரிவுகள் பவுல் போட்டவை அல்ல. முதலாம் அதிகாரத்தோடு வேதத்தை மூடிவிட்டு இறங்கும் பிரசங்கியார், பவுல் யாரைச் சுட்டினாரோ அந்த இடத்திலேயே போய் நிற்கிறார்.

2024 அக்டோபர் 1

தாவீதையும் யோனத்தானையும் பற்றிக் கேட்டவருக்கு: யோனத்தான் தன் சால்வையையும் வில்லையும் தாவீதுக்குக் கொடுப்பது அரசுரிமையை விட்டுக்கொடுக்கும் செயலாகவும் வாசிக்கத்தக்கது, தாவீதின் புலம்பலில் இருக்கும் அன்பு உண்மையானது, அதற்குமேல் இரு தரப்புக்கும் அங்கு ஆதாரம் இல்லை.

2024 அக்டோபர் 6

முதல் குறிப்பை இன்று திரும்ப வாசித்தேன். விருந்தோம்பலை அளவுகோலாக வைத்தால் லோத்து நல்லவராகவே முடிகிறார். ஆனால் விருந்தினரைக் காக்க அவர் தம் மகள்களைக் கொடுக்க முன்வந்தார். கிபியாவில் அந்த லேவியன் தன் மறுமனையாட்டியைக் கொடுத்தேவிட்டான். ஆணுக்கு நேரும் வன்முறை நினைக்கவும் கூடாதது, பெண்ணுக்கு நேர்வது பொறுத்துக்கொள்ளத்தக்கது என்ற தராசுதான் இரு கதைகளையும் நடத்திச் செல்கிறது. ஆணைப் பெண்ணைப்போல் நடத்துவது ஏன் அத்தனை பெரிய அவமானமாயிற்று என்று கேட்டால், பெண்ணின் நிலை அங்கு அத்தனை தாழ்ந்திருந்தது என்பதே விடை. பெண்களைப் பற்றிய அந்தத் தராசைத் திருச்சபை ஏற்கெனவே கேள்விக்கு உட்படுத்திவிட்டது. தென்னிந்தியத் திருச்சபையில் பெண்கள் குருத்துவ அபிஷேகம் பெறுகிறார்கள். அதே தராசின் மறுதட்டைத் தொடமாட்டோம் என்று சொல்வதற்கு என்ன நியாயம் இருக்கிறது என்று கேள்வி கேட்ட சகோதரர் எனக்கு விளக்கட்டும்.

2024 அக்டோபர் 9

“பழைய கதையை எப்படி வாசித்தால் என்ன, யாருக்கு நட்டம்?” என்ற கேள்விக்கு.

ஆறாம் நூற்றாண்டில் பேரரசர் யுஸ்டினியன், இத்தகைய செயல்களாலேயே பஞ்சமும் நிலநடுக்கமும் கொள்ளைநோயும் வருகின்றன என்று தம் சட்டத்திலேயே எழுதினார். 559ஆம் ஆண்டின் சட்டம் சோதோமின் அழிவைச் சான்றாகக் காட்டுகிறது. பிலோவின் வாசிப்பு அங்கே அரசாணையாகிவிட்டது. 1050ஐ ஒட்டிய ஆண்டுகளில் பீட்டர் தமியான் என்னும் துறவி, குருமாரிடையே இப்பாவத்தை ஒடுக்கும்படி கொமோராவின் பெயரால் ஒரு நூலே எழுதித் திருத்தந்தை ஒன்பதாம் லியோவுக்கு அனுப்பினார். 1533இல் எட்டாம் ஹென்றியின் ஆட்சியில் இக்குற்றம் இங்கிலாந்தில் திருச்சபை நீதிமன்றங்களிடமிருந்து அரசின் கைக்கு மாறி, தூக்குத்தண்டனைக்குரியதாயிற்று. 1835 நவம்பரில் லண்டனில் இருவர் தூக்கிலிடப்பட்டதே அங்கு இதற்காக நடந்த கடைசித் தூக்கு; 1861இல்தான் மரணதண்டனை நீங்கியது.

அந்தச் சட்ட மரபே கப்பலேறி நம்மிடம் வந்தது. 1860இன் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 377ஆம் பிரிவாகவும், இலங்கையில் 1883இன் தண்டனைச் சட்டக்கோவையில் 365, 365அ பிரிவுகளாகவும் அது அமர்ந்தது. இலங்கை 1995இல் அதைத் திருத்தியபோது, அதுவரை சட்டத்துக்கு வெளியே இருந்த பெண்களையும் உள்ளே இழுத்துக்கொண்டது. லேவியராகமம்கூடத் தொடாத இடம் அது. இந்திய உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6ஆம் நாள், வயதுவந்தோர் தம் விருப்பத்தோடு தனிமையில் கொள்ளும் உறவை 377ஆம் பிரிவிலிருந்து விலக்கியது. விருப்பமின்றி நடப்பதற்கு அப்பிரிவைத் தொடரவிட்டது. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்கிதாவில் அந்தப் பிரிவு முழுமையாகவே இல்லை. அதன் வன்புணர்ச்சிப் பிரிவோ பாதிக்கப்பட்டவர் பெண்ணாக இருந்தால் மட்டுமே பொருந்தும். வயதுவந்த ஓர் ஆணை ஒரு கூட்டம் பிடித்துக் கெடுத்தால், காயம், அடைத்துவைப்பு போன்ற பொதுவான பிரிவுகளைத்தான் காவல் நிலையத்தில் தேடவேண்டும். நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் சோதோமின் நிழலில் ஒருவரையொருவர் விரும்பியவர்களைத் தண்டித்த சட்டம் போய், லோத்தின் வாசலில் நடக்கவிருந்த குற்றத்துக்கு இன்று இந்தியாவில் தனிப் பிரிவு இல்லை.